ஏழே முக்கால் இருமல்

ஆண்டிக்கரந்தையில் காலை ஏழே முக்கால் ஆனால் ஊரே இருமும். டீ ஆற்றிக்கொண்டிருக்கிற கொம்பையா இருமுவார், அவர் கடை பெஞ்சில் பேப்பர் விரித்து உட்கார்ந்திருப்பவர்கள் இருமுவார்கள், தீப்பெட்டி ஆபீஸ் வேனுக்காகத் தூக்குவாளியோடு நிற்கிற பெண்கள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு இருமுவார்கள், அம்மன் கோயில் பூசாரி சூடத்தட்டைக் கீழே வைத்துவிட்டு இருமுவார், ஏழு நாற்பத்தாறுக்கு எல்லோரும் அவரவர் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடருவார்கள். அந்த நேரத்தில் ஊருக்குள் இருமாமல் இருந்தவள் ஒருத்திதான். அவள் பெயர் வெயிலாட்சி. அவளுக்கு இடது கண் கிடையாது.

அந்தக் கண்ணைப் பறித்தது அவள் புருசன் பெத்துராஜின் சேக்காளி. அப்படித்தான் சொல்ல வேண்டும், வேறு எப்படிச் சொன்னாலும் அது பொய்.

பெத்துராஜும் அந்தச் சேக்காளி தனுஷ்கோடியும் அஞ்சாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் இருந்தவர்கள். பிறகு பெத்துராஜ் அப்பாவின் ஒன்பது ஏக்கர் கரிசல் காட்டில் விவசாயத்துக்குப் போனான், தனுஷ்கோடி அப்பாவின் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனான், அந்த ஆபீசுக்கு இந்த ஊரிலிருந்து அறுபது பெண்கள் தினமும் வேனில் போனார்கள். வருசத்துக்கு ஒருதரம், தை மாசம் சோளம் கதிர் பிடித்து நிற்கிற நாளில், தனுஷ்கோடி ஜீப்பில் வந்து இறங்குவான். பயிர்ப் பாதுகாப்புக்கு என்று லைசென்சு வாங்கிய ரெட்டைக்குழல் துப்பாக்கி அவன் தோளில் தொங்கும். பெத்துராஜ் அவனை முயல் வேட்டைக்குத் தன் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவான். முதலாளி தன் தோளில் கை போட்டு நடப்பதை நாலு பேர் பார்க்க வேண்டும் என்பதற்காக நேர்ப்பாதை இருக்கும்போதே டீக்கடையைச் சுற்றிக்கொண்டு போவான். வெயிலாட்சிக்கு இதைப் பார்த்தால் சிரிப்பு வரும். அப்போது இரண்டு கண்ணும் இருந்ததால் சிரிக்க முடிந்தது.

வேட்டைக்கு அந்தப் பக்கத்தில் ஒரு முறை உண்டு. நிற்கிற பயிருக்குள் சுடுவதாக இருந்தால் காட்டுக்காரன் மூன்று தடவை குரல் கொடுக்க வேண்டும். "காட்டுக்குள்ள ஆளு உண்டா?" என்று கூப்பிட வேண்டும். கூட வந்தவன் கூப்பிடக் கூடாது, துப்பாக்கிக்காரன் கூப்பிடக் கூடாது, காட்டுக்குச் சொந்தக்காரன்தான் கூப்பிட வேண்டும், ஏனென்றால் அந்தக் காட்டில் களை எடுக்கிறவளுக்கும் புல் அறுக்கிறவளுக்கும் தெரிந்த குரல் அது. இரண்டாவது கூப்பாட்டுக்குள் உள்ளே இருக்கிறவள் பதில் சொல்லிவிடுவாள். முயல் ஓடினால் ஓடிப்போகட்டும். ஊர் உண்டான காலத்திலிருந்து இந்தச் சத்தத்தில் தப்பித்த முயல்கள் எத்தனையோ, அதைப் பற்றி ஒருவரும் வருத்தப்பட்டது கிடையாது.

அன்றைக்கு உளுந்து வரிசையில் காதை நீட்டிக்கொண்டிருந்த ஒரு முயல் குதித்துச் சோளத்துக்குள் போனது. பெத்துராஜ் வாயைத் திறந்தான். தனுஷ்கோடி விரலை உதட்டில் வைத்தான்.

"சத்தம் குடுக்காதலே. ஓடிரும்."

பெத்துராஜ் வாயை மூடிக்கொண்டான். நடந்தது அவ்வளவுதான். மூன்று தடவை கூப்பிட என்ன ஆகும், பத்து எண்ணுகிற நேரம் ஆகும். அந்தப் பத்து எண்ணுகிற நேரத்தைச் சேக்காளிக்காக விழுங்கினான். சோளத்துக்குள்ளே ஆட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த வெயிலாட்சி, கதிர்களெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்வதைப் பார்த்தாள், ஒரு வெள்ளை வெளிச்சத்தைப் பார்த்தாள், அப்புறம் தன் கன்னம் மண்ணில் கிடப்பதை உணர்ந்தாள். சத்தம் எதுவும் அவளுக்குக் கேட்கவில்லை. முயல் தப்பித்துவிட்டது.

அவளுக்குக் கேட்காவிட்டால் என்ன, ஊருக்குக் கேட்டது. கோயில் கோபுரத்துப் புறா எல்லாம் எழும்பிப் பறந்தது, கொம்பையா கடைப் பால்சட்டி மூடி கழன்று உருண்டது, வேனில் ஏறிக்கொண்டிருந்த அறுபது பெண்களும் மேற்கே திரும்பிப் பார்த்தார்கள். ஏழே முக்கால் மணி. மத்தியானம் ஆபீசிலிருந்து மேனேஜர் வந்து நூலகக் கட்டடத்துப் படியில் நின்று பேசினார். முதலாளி மேல் கேஸ் வந்தால் ஆபீசை மூட வேண்டியதுதான் என்றார். அப்புறம் அவர் வேறு எதுவும் பேச வேண்டியிருக்கவில்லை, மிச்சத்தை ஊரே பேசி முடித்தது. அறுத்த சோளத்தட்டை கூர்மையாகத்தான் நிற்கும், அதில் விழுந்தால் கண் போகத்தான் செய்யும், அவள் விழுந்துவிட்டாள். அறுப்பே ஆரம்பிக்காத காட்டில் அறுத்த தட்டை எங்கிருந்து வந்தது என்று கேட்க ஒரு நாதி இல்லை.

மறுநாள் ஏட்டு வந்தார். நூற்று நாற்பத்து மூன்று வீட்டிலும் வாசலில் நின்று ஒரே கேள்வியைக் கேட்டார். "துப்பாக்கிச் சத்தம் கேட்டுச்சா?"

"கேக்கலையே, சார்."

நூற்று நாற்பத்து மூன்று வாசலிலும் அதே பதில். கடைசி வாசல் பெத்துராஜுடையது. அவன் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, "கேக்கல சார்" என்றான். ஏட்டு ஆஸ்பத்திரிக்கும் போய்க் கட்டுப்போட்டுக் கிடந்த வெயிலாட்சியையும் கேட்டார். அவள் பொய் சொல்லத் தெரியாதவள், "எனக்குக் கேக்கல" என்றாள். "பாத்தியா, உனக்கே கேக்கல" என்று ஏட்டு நோட்டை மூடினார். கன்னத்தில் மூன்று துப்பாக்கி ரவை இன்னும் எலும்பை ஒட்டி இருக்கிறது என்று அவள் தொட்டுக் காட்டினாள். "இருக்கும்மா. யாரு சுட்டது, என்னைக்குச் சுட்டதுன்னு அதுல எழுதியா இருக்கு? கேட்டவன் ஒருத்தனைக் கூட்டிட்டு வா, எழுதிக்கிடுதேன்" என்றார். தனுஷ்கோடியிடம் மட்டும் யாரும் எதையும் கேட்கவில்லை. பெரிய மனுசனைப் போய்த் தொந்தரவு பண்ணுவார்களா?

அதற்கு அடுத்த நாள் காலையிலிருந்து அந்தச் சத்தம் ஊருக்குள் வர ஆரம்பித்தது.

ஏழே முக்காலுக்கு மேற்கிலிருந்து ஒரு வெடி. புறா எழும்பவில்லை, நாய் குரைக்கவில்லை, மாடு மிரளவில்லை. மனுசர்கள் மட்டும் தூக்கிவாரிப் போட்டு நின்றார்கள். கொம்பையா கையிலிருந்த கிளாஸ் விழுந்து உடைந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் அவரைப் பார்த்தார்கள், அவர் அவர்களைப் பார்த்தார். கேட்டதா என்று ஒருத்தன் கேட்டால் நேற்றுக்கு முந்தின நாளும் கேட்டதா என்று அடுத்த கேள்வி வரும். கொம்பையா சமயோசிதக்காரர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினார். பெஞ்சே இருமியது. ஊரின் இருமல் அப்படிப் பிறந்தது.

ஒரு மாசத்தில் அதற்கு ஒழுங்கு வந்துவிட்டது. ஏழு நாற்பத்து நாலுக்கு முடிதிருத்துகிறவர் கத்தியை மடித்து வைத்தார். கொதிக்கிற எண்ணெயில் யாரும் அந்த நேரத்தில் வடை போடவில்லை. பள்ளிக்கூடத்து வாத்தியார் ஊர்க்காரர், காலை டியூசனில் அவருக்கு இருமல் வருகிற நேரத்தில் பிள்ளைகள் காரணம் தெரியாமல் கூடவே இருமிப் பழகினார்கள். ஊரே இப்படி இருமுகிறதைக் கேள்விப்பட்டு சுகாதார நிலையத்திலிருந்து முகாம் போட்டார்கள், ஆளுக்கொரு டப்பா கொடுத்து சளி பிடித்துக்கொண்டு போனார்கள், ஒரு கிருமியும் இல்லை என்று தாள் வந்தது. "நெஞ்சு சுத்தமா இருக்கு, பெரியவரே" என்று டாக்டரம்மா சொன்னபோது பூசாரி தலையைக் குனிந்துகொண்டார். தெக்குத்தெருவுக்கு வாழ வந்த ஒரு பெண்ணுக்கு மட்டும் இரண்டு மாசம் எதுவும் கேட்கவில்லை. தாய்வீட்டுக்குப் போன இடத்தில் அவள் சித்தி விசாரித்திருக்கிறாள், உங்க ஊரில் ஒரு பொம்பளையைச் சுட்டுட்டாங்களாமே என்று. "ச்சே, அந்தக்கா தட்டையில விழுந்துட்டாக" என்று இவள் சொல்லியிருக்கிறாள். மறுநாள் ஏழே முக்காலுக்குக் குடத்தைக் கீழே போட்டுவிட்டு இருமினாள். இது எப்படி என்று யாரும் யோசிக்கவில்லை, புதுப்பெண்ணும் நம்மோடு சேர்ந்துவிட்டாள் என்று மாமியார் சந்தோசப்பட்டாள்.

வெயிலாட்சி இருபதாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். அவளுக்கு எந்த வெடியும் கேட்கவில்லை. ஆனால் ஒற்றைக் கண் இருந்ததே, அதில் பார்த்தாள். முதலில் உடம்பு தூக்கிப்போடுகிறது, அப்புறம்தான் இருமல் வருகிறது. கம்பங்கூழ் குடித்துக்கொண்டிருந்த பெத்துராஜ் கரெக்டாக ஏழே முக்காலுக்குத் துள்ளி, மேற்குக் காட்டுப் பக்கம் தலையைத் திருப்பி, காதைப் பொத்தினான். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"உனக்குக் கேக்குது" என்றாள். அதுவரை பதினாறு வருசம் அவனை நீங்க என்றுதான் கூப்பிட்டிருந்தாள்.

"என்ன கேக்குது? எனக்கு ஒண்ணும் கேக்கல."

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க? அன்னைக்கும் தெறக்கல, இன்னைக்கும் தெறக்கல. பொண்டாட்டி கண்ணைப் பிடுங்குனவனுக்கு வாயக் கட்டிக் காவல் இருக்கியே, நீ மனுசனா?"

அவன் இருமினான். அவள் கூழ்ச்சட்டியைத் தூக்கி முற்றத்தில் வீசினாள். அன்றிலிருந்து அவள் அவனுக்குச் சோறு போடவில்லை. அவனுக்கு மற்ற சத்தங்களெல்லாம் மெல்ல மெல்லக் குறைந்து அந்த ஒரு சத்தம் மட்டும் பெருத்துக்கொண்டு போனது. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு மாட்டுத்தொழுவில் குந்தியிருந்தான். ஆடு கத்துவது கேட்காது, மழை கேட்காது, அவள் திட்டுவதுகூடப் பாதிதான் கேட்கும். பாதி போதாது என்று அவள் பக்கத்தில் போய் நின்று திட்டினாள்.

அப்புறம் அவள் ஒரு வேலை ஆரம்பித்தாள். தினமும் ஒரு வீடு. ஏழரை மணிக்கே போய் அந்த வீட்டு நடுவீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வாள். காப்பி கொடுத்தால் வாங்க மாட்டாள், பாய் விரித்தால் அதை ஒதுக்கிவிட்டுத் தரையில் உட்காருவாள். வீட்டில் உள்ளவர்களை நேருக்கு நேராக ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பாள். ஏழே முக்காலுக்கு அவர்கள் துள்ளுவதைப் பார்ப்பாள், இருமுவதைப் பார்ப்பாள். "கேட்டுச்சா?" என்பாள். "என்னது மதினி?" என்பார்கள். "சரி, நல்லா இருங்க" என்று சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்து போவாள். அவள் சொன்ன அந்த வாழ்த்தில் இருந்த சூடு அந்த வீட்டு அடுப்பில்கூட இருக்காது. நாளைக்கு யார் வீடு என்று ஊர் பயந்துகொண்டிருந்தது. ஒரு கிழவர் அவள் வருகிற நாளில் வெளியூர் போனார், பஸ்ஸில் இருந்தும் ஏழே முக்காலுக்கு இருமிவிட்டு வந்தார். முன்பு களையெடுப்பில் கூட வேலை செய்த பெண்கள், ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள், அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். "எங்க பொழப்பப் பாரு தாயி, ஆபீச விட்டா எங்களுக்கு வேற கெதி இல்ல" என்றார்கள். அவர்கள் மேல் அவளுக்கு இரக்கம் வந்தது, ஆனால் கோபம் குறையவில்லை. இரண்டும் ஒரே நெஞ்சில் கிடந்து அடித்துக்கொண்டன. தன் வீடு போக மிச்ச நூற்று நாற்பத்திரண்டு வீட்டையும் இரண்டு சுற்று முடித்தாள். கேட்டது என்று சொல்ல ஒரு வாய், ஏட்டு கேட்ட அந்த ஒரே ஒரு வாய், அவளுக்குக் கிடைக்கவில்லை.

அடுத்த தை வந்தது. தனுஷ்கோடியும் வந்தான்.

காலை ஏழரைக்கு ஜீப்பை டீக்கடை முன்னால் நிறுத்தி இறங்கினான். துப்பாக்கியும் இறங்கியது. அன்றைக்கு வெயிலாட்சி மூன்றாவது சுற்றில் கொம்பையா கடைக்கு வந்து பாய்லருக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தாள், கையில் கதிர் அரிவாள். தனுஷ்கோடி அவளைப் பார்த்தான், முகம் மாறவில்லை.

"சௌக்கியமா தங்கச்சி?"

அவன் பெத்துராஜுக்கு ஆள் அனுப்பினான். பெத்துராஜ் காதுப் பஞ்சோடு வந்து நின்றான். தனுஷ்கோடி சிரித்துக்கொண்டே அந்தப் பஞ்சைத் தானே பிடுங்கி எறிந்தான்.

"என்னல, செவிடாயிட்டேங்காங்க? முயக்கறி தின்னு வருசமாச்சுடா. மேகாட்டுல சோளம் நிக்கிதாமே. வா, போவோம்."

மணி ஏழே முக்கால் ஆனது. கடையே துள்ளியது, கடையே இருமியது, வேனுக்கு நின்ற பெண்கள் அறுபது பேரும் இருமினார்கள், பெத்துராஜ் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். தனுஷ்கோடிக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவன் எந்தப் பொய்யும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவனுக்காக ஊரே சொல்லியிருந்தது. சுற்றும் முற்றும் பார்த்தான்.

"என்னப்பா இது, ஊரோட சீக்கா?"

வெயிலாட்சி எழுந்தாள். "இவுகளுக்கு என்ன சீக்குன்னு நீங்களே கேளுங்கண்ணே. முதலாளி கேட்டாலாவது சொல்லுவாக."

பெஞ்சில் இருந்தவர்கள் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். தனுஷ்கோடி பொறுமை இழந்து பெத்துராஜின் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினான். "ஏந்திரிலே. போன வருசம் மாதிரி சத்தமில்லாம வந்தா போதும்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் வெயிலாட்சிக்கு உள்ளங்காலிலிருந்து உச்சிவரை தீப்பிடித்தது. போன வருசம் மாதிரி! அப்படியென்றால் போன வருசத்தை இவன் மறக்கவில்லை, நன்றாக நடந்த ஒரு காரியமாக அதை நினைத்து வைத்திருக்கிறான். அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டாள். புருசனுக்கு நேரே வந்து நின்று, அவன் காதுக்குள் போகிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"நான் மேகாட்டுக்குப் புல்லறுக்கப் போறேன். சோளத்துக்குள்ள நட்ட நடுவுல இருப்பேன். உன் சேக்காளியக் கூட்டிக்கிட்டு வா. இன்னொரு கண்ணு இருக்கு, அதையும் குடுத்துட்டுப் போறேன்."

சொல்லிவிட்டு நடந்தாள். அவள் சும்மா சொல்கிறவள் இல்லை என்று ஊருக்கே தெரியும். பெத்துராஜுக்கு ரொம்ப நன்றாகத் தெரியும். அவள் நாலு எட்டு வைப்பதற்குள் பின்னால் ஒரு குரல் வந்தது, ஒரு வருசம் புழங்காமல் துருப்பிடித்துக் கிடந்த குரல்.

"கேட்டுச்சு."

யாரும் இருமவில்லை.

"கேட்டுச்சு. போன வருசமும் கேட்டுச்சு, நேத்தும் கேட்டுச்சு, இப்பவும் கேட்டுச்சு. நான் குரல் குடுக்கல. இவன் வேண்டாம்னான், நான் வாய மூடிட்டேன். இவந்தான் சுட்டான், ஏ, இந்தா நிக்கிறானே இவந்தான்!"

"பெத்துராசு" என்றான் தனுஷ்கோடி மெதுவாக. "என்ன பேசுதோம்னு தெரிஞ்சு பேசு. அறுபது குடும்பம் இருக்கு."

வெயிலாட்சி திரும்பினாள். திரும்பிய அந்த நேரத்தில் அவளுக்கு அது வந்தது. மேற்கிலிருந்து, ஒரு வருசம் பிந்தி, அவளுடைய வெடிச்சத்தம். அவள் தலையைச் சாய்த்து அதைக் கேட்டாள். வானம் இடிகிற மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தாள். ஒரு ஊரையே வருசம் பூராவும் இருமவைத்த சத்தமாயிற்றே! அது தூரத்தில் யாரோ பானையைப் போட்டு உடைத்த மாதிரி இருந்தது, டப்பென்று வந்து முடிந்துவிட்டது.

"இம்புட்டுத்தானா?" என்றாள். யாருக்கும் முதலில் புரியவில்லை. "ஏ, இம்புட்டுத்தானா உங்க சத்தம்? இந்தச் சின்னச் சத்தத்தையா கேக்கலைன்னீங்க? இதச் சொல்ல ஒரு வருசமா? நான் வீடு வீடா வந்து தரையில உக்காந்தேனேய்யா, ஒரு நாயாச்சும் சொன்னீங்களா?"

பிறகு அழுதாள். கட்டுப்போட்டுக் கிடந்தபோதும் அழாதவள் நடுரோட்டில் நின்று வாய்விட்டு, எல்லோரையும் பேர் சொல்லித் திட்டிக்கொண்டே அழுதாள். கொம்பையா பாய்லரைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் கேட்டுச்சு மதினி" என்றார். வேனுக்கு நின்ற பெண்களில் ஏழெட்டுப் பேர் முந்தானையை வாயிலிருந்து எடுத்தார்கள், மற்றவர்கள் வேன் வந்ததும் தலையைக் குனிந்து ஏறிக்கொண்டார்கள். தனுஷ்கோடி துப்பாக்கியை ஜீப்பில் போட்டுக் கதவை அறைந்து சாத்தினான்.

டவுன் பஸ் வந்து நின்றது. வெயிலாட்சி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏறுங்க" என்றாள். "டீக்கடையில சொன்னது காணாது. ஸ்டேசன்ல வந்து சொல்லணும்."

கொம்பையா அடுப்பை அணைத்துவிட்டு ஏறினார். அந்த ஏழெட்டுப் பெண்கள் தூக்குவாளியோடு ஏறினார்கள். பெத்துராஜ் கடைசியாக ஏறி, அவள் பக்கத்தில் உட்காரத் தைரியம் இல்லாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண்டக்டர் வந்தார். பெண்களுக்குக் காசு இல்லாத டிக்கெட், அவளுக்கு ஒன்றைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, நிற்கிறவனைக் கண்ணால் காட்டி, "அண்ணாச்சிக்கு எங்கம்மா?" என்று அவளிடம் கேட்டார்.

"அவங்கிட்டயே கேளுங்க" என்றாள் வெயிலாட்சி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. "இப்பத்தான் வாயத் தெறந்திருக்கான்."